எடை குறைந்த மின் கிதார் தெரிவு செய்தல்

எடை குறைந்த மின் கிதார் என்பது, வழக்கமான திட உடல் மின் கிதார்களை விடக் குறைந்த எடை கொண்டதாக வடிவமைக்கப்பட்ட அல்லது இலகுவான மரத்தால் செய்யப்பட்ட மின் கிதாரைக் குறிக்கும். இதற்கென்று வரையறுக்கப்பட்ட அளவுகோல் எதுவும் இல்லை. எனினும், பொதுவாக 3.2 கிலோவுக்குக் குறைவாக இருக்கும் கிதாரை இலகுவானது என்றும், 4 கிலோவைத் தாண்டும் கிதாரைக் கனமானது என்றும் வாசிப்பவர்கள் கருதுகின்றனர்.

கிதார் வாங்குபவர்கள் பெரும்பாலும் நிறம், வடிவம், விலை, பிடித்த இசைக்கலைஞர் வைத்திருக்கும் மாதிரி ஆகியவற்றையே முதலில் பார்க்கின்றனர். எடையைப் பற்றிய எண்ணம், வாங்கிச் சில வாரங்கள் கழித்துத் தோள் வலிக்கும்போதுதான் வருகிறது. அதற்குள் திருப்பிக் கொடுக்கும் காலம் முடிந்திருக்கும். வலி காரணமாகப் பயிற்சி நேரம் குறையும்; பயிற்சி குறைந்தால் ஆர்வமும் குறையும். ஆகவே, எடையையும் சமநிலையையும் வாங்குவதற்கு முன்பே சோதித்துப் பார்ப்பது நல்லது.

எடை ஏன் முக்கியம்

மின் கிதாரை நின்றுகொண்டு வாசிக்கும்போது அதன் முழு எடையும் தோள்பட்டியின் வழியாக ஒரே தோளின்மேல் இறங்குகிறது. வலது கையால் மீட்டுபவருக்கு அது இடது தோள். இடது கைப் பழக்கம் உள்ளவர்களுக்கான கிதாரில் வலது தோள். சுமை ஒரு பக்கமாக மட்டும் விழுவதால், உடல் அதை ஈடுசெய்ய மறுபக்கம் சாய்கிறது அல்லது சுமை உள்ள தோளை உயர்த்திப் பிடிக்கிறது. இந்த நிலையில் ஒரு மணி அல்லது இரண்டு மணி நேரம் நின்றால் கழுத்து, தோள், முதுகின் மேற்பகுதி ஆகிய இடங்களில் உள்ள தசைகள் களைப்படைகின்றன.

4.5 கிலோ கிதாருக்கும் 3 கிலோ கிதாருக்கும் உள்ள வேறுபாடு 1.5 கிலோ. அதாவது, ஒன்றரை லிட்டர் தண்ணீரை ஒரு தோளில் கூடுதலாகத் தொங்கவிட்டபடி நிற்பதற்குச் சமம். ஐந்து நிமிடத்தில் இது பெரிதாகத் தெரியாது. கச்சேரி முடியும்போது தெரியும்.

வளரும் வயதில் உள்ள சிறுவர்கள், சிறிய உடல்வாகு கொண்டவர்கள், முதியவர்கள், முதுகிலோ கழுத்திலோ ஏற்கெனவே வலி உள்ளவர்கள் ஆகியோர் எடையில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். தொடர்ந்து வலியோ கை மரத்துப்போவதோ இருந்தால், கிதாரை மாற்றுவதற்கு முன் மருத்துவரிடமோ இயன்முறை மருத்துவரிடமோ காட்டுவதே முறை.

எடை எங்கிருந்து வருகிறது

ஒரு திட உடல் மின் கிதாரில் மூன்று பகுதிகள் எடையைத் தீர்மானிக்கின்றன. அவை உடற்பகுதி மரம், கழுத்து, உலோகப் பாகங்கள் என்பன. இவற்றில் பெரும் பங்கு உடற்பகுதிக்கு உரியது.

எடை என்பது கன அளவையும் அடர்த்தியையும் பெருக்கினால் வருவது என்பது பள்ளிப் பாடம். சாதாரண அளவுள்ள ஒரு கிதார் உடற்பகுதியின் கன அளவைச் சுமார் 4 லிட்டர், அதாவது 4000 கன சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், மரத்தைப் பொறுத்து அதன் எடை பின்வருமாறு மாறும். அடர்த்தி எண்கள் அனைத்தும் நன்கு உலர்ந்த மரத்தின் தோராயமான சராசரி ஆகும்.

பாலோனியா: கன சென்டிமீட்டருக்கு 0.28 கிராம், உடற்பகுதி எடை சுமார் 1.1 கிலோ
பாஸ்வுட்: 0.42 கிராம், சுமார் 1.7 கிலோ
ஆல்டர்: 0.45 கிராம், சுமார் 1.8 கிலோ
சதுப்பு ஆஷ்: 0.50 கிராம், சுமார் 2 கிலோ
மகோகனி: 0.59 கிராம், சுமார் 2.4 கிலோ
கடின மேப்பிள்: 0.70 கிராம், சுமார் 2.8 கிலோ

வடிவம் மாறாமல், மரத்தை மட்டும் மாற்றினாலே ஒன்றரை கிலோவுக்கு மேல் வேறுபாடு வருவதை இதில் காணலாம். இதனுடன் கழுத்து, முறுக்காணிகள், பிரிட்ஜ், பிக்கப்புகள், மின் பாகங்கள் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 1.3 முதல் 1.7 கிலோ வரை கூடும்.

இங்கு நினைவில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மரம் இயற்கைப் பொருள். ஒரே வகை மரத்திலேயே, வளர்ந்த இடத்தையும் மரத்தின் எந்தப் பகுதியிலிருந்து பலகை அறுக்கப்பட்டது என்பதையும் பொறுத்து அடர்த்தி மாறும். சதுப்பு ஆஷ் என்பது தனி மர இனத்தின் பெயர் அன்று. அமெரிக்காவின் தென்பகுதியில் நீர் தேங்கும் நிலங்களில் வளரும் ஆஷ் மரங்களின் அடிப்பகுதியிலிருந்து கிடைக்கும் இலகுவான பலகைக்கு அப்பெயர் வழங்குகிறது. மேட்டு நிலத்தில் வளர்ந்த ஆஷ் மரம் இதைவிடக் கனமானது. எனவே ஒரே நிறுவனத்தின் ஒரே மாதிரியில் அடுத்தடுத்து வந்த இரண்டு கிதார்கள் அரை கிலோவரை வேறுபடுவது இயல்பே. மாதிரியின் பெயரை மட்டும் பார்த்து எடையை முடிவு செய்ய இயலாது.

வரலாற்றுப் பின்னணி

மின் கிதாரின் எடை குறித்த கவலை, மின் கிதாரின் வரலாற்றோடு சேர்ந்தே வளர்ந்தது. 1950இல் லியோ ஃபெண்டரின் நிறுவனம் எஸ்குயர், பிராட்காஸ்டர் என்னும் திட உடல் கிதார்களை வெளியிட்டது. பிராட்காஸ்டர் 1951இல் டெலிகாஸ்டர் எனப் பெயர் மாற்றம் பெற்றது. இதன் உடற்பகுதி, விளிம்புகள் வளைக்கப்படாத தட்டையான பலகை. 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில், விலா எலும்பு படும் பின்பக்கமும் முன்கை படும் மேற்பக்கமும் சரிவாகச் செதுக்கப்பட்டன. இது உடலில் உறுத்தாமல் இருப்பதற்காகச் செய்யப்பட்டது. அத்துடன் மரமும் ஓரளவு குறைந்தது.

கிப்சன் நிறுவனம் 1952இல் லெஸ் பால் கிதாரை வெளியிட்டது. மகோகனி உடலின் மேல் மேப்பிள் பலகை ஒட்டப்பட்ட இந்தக் கிதார் தடிமனானது, கனமானது. 1961இல் இதே பெயரில் மெல்லிய மகோகனி உடலும் இரண்டு கூரிய கொம்புகளும் கொண்ட புதிய வடிவம் வந்தது. பின்னர் அதுவே எஸ்.ஜி எனப் பெயர் பெற்றது. பெரும்பாலான எஸ்.ஜி கிதார்கள் சுமார் 3 கிலோ எடை உள்ளவை. ஏசி/டிசி குழுவின் ஆங்கஸ் யங் மேடை முழுதும் ஓடியாடி வாசிப்பது இந்த மாதிரியில்தான்.

1968இல் ஃபெண்டர் நிறுவனம் டெலிகாஸ்டர் தின்லைன் என்னும் மாதிரியைக் கொண்டு வந்தது. கனமான மரத்தால் செய்யப்படும் கிதாரின் எடையைக் குறைக்கும் நோக்குடன் ரோஜர் ராஸ்மைசல் இதை வடிவமைத்தார். உடற்பகுதியின் உள்ளே மரம் குடைந்து எடுக்கப்பட்டது.

1970களில் செய்யப்பட்ட லெஸ் பால் கிதார்களில் பல 4.5 கிலோவைத் தாண்டின. 1980களில் கிப்சன் நிறுவனம் உடற்பகுதியின் உள்ளே துளைகள் இட்டு, அதன்மேல் மேப்பிள் பலகையை ஒட்டும் முறையைக் கையாளத் தொடங்கியது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இத்துளைகள் தெரியமாட்டா. 2000களில் பெரிய அறைகளாகக் குடையும் முறையும் சில மாதிரிகளில் பின்பற்றப்பட்டது.

1993இல் கென் பார்க்கரும் லாரி ஃபிஷ்மேனும் சேர்ந்து பார்க்கர் ஃபிளை என்னும் கிதாரை அறிமுகம் செய்தனர். மெல்லிய, மென்மையான மரத்தின் மேல் கார்பன் இழையும் கண்ணாடி இழையும் ஓடு போலப் பூசப்பட்ட இக்கிதார், ஏறத்தாழ 2 முதல் 2.5 கிலோ எடையே கொண்டது. அண்மைக் காலத்தில், சுவீடனைச் சேர்ந்த ஓலா ஸ்ட்ராண்ட்பெரி வடிவமைத்த தலைப்பகுதி இல்லாத கிதார்கள் இந்த எடை அளவை ஒட்டியே வருகின்றன.

எடை குறைக்கும் முறைகள்

கிதார் செய்பவர்கள் எடையைக் குறைக்கக் கையாளும் வழிகள் பல. ஒவ்வொன்றிலும் ஒரு நன்மையும் ஒரு குறையும் உண்டு.

இலகுவான மரம்: பாலோனியா, பாஸ்வுட், பாப்லர், பைன் போன்றவை. ஃபெண்டர் நிறுவனத்தின் தொடக்கக்கால மாதிரி முயற்சிகளில் பைன் மரம் பயன்பட்டது. மென்மையான மரங்கள் மேசை விளிம்பில் இடித்தால் எளிதில் பள்ளம் விழும். திருகுகளை அடிக்கடி கழற்றி மாட்டினால் துளை தளர்ந்துவிடும். குறிப்பாகத் தோள்பட்டிப் பொத்தானின் திருகைக் கவனிக்க வேண்டும். அது கழன்றால் கிதார் தரையில் விழும்.

மெல்லிய உடற்பகுதி: எஸ்.ஜி, ஐபனெஸ் நிறுவனத்தின் எஸ் வரிசை ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டு. உடலோடு ஒட்டி நிற்கும். ஆனால் உட்கார்ந்து வாசிக்கும்போது சிலருக்கு முன்கை வைக்கப் போதிய தடிமன் இல்லாததாகத் தோன்றும்.

உள்ளே குடைதல்: வெளித் தோற்றம் மாறாது. துளைகள் சிறியவையாக இருந்தால் ஒலியில் பெரிய மாற்றம் தெரிவதில்லை. பெரிய அறைகளாக இருந்தால் கிதார் சற்றே அரை உள்ளீடற்ற கிதாரைப் போல நடந்துகொள்ளும்.

அரை உள்ளீடற்ற உடல்: 1958இல் வந்த கிப்சன் இ.எஸ்-335 இதற்கு முன்னோடி. நடுவில் திட மரக்கட்டையும் இரு பக்கமும் வெற்று அறைகளும் இருக்கும். உருவத்தில் பெரியதாயினும் அந்த உருவத்துக்கு எடை குறைவு. ஆனால், ஆம்ப்ளிஃபயரின் ஒலி மிகுந்தால் அவ்வொலியே உடலை அதிரச் செய்து, மீண்டும் பிக்கப் வழியாகச் சென்று ஊளையிடும் வாய்ப்பு அதிகம். 1980இல் பி. பி. கிங்கின் பெயரால் வந்த லூசில் மாதிரியில், வழக்கமான எஃப் வடிவத் துளைகள் இல்லாமல் விடப்பட்டதற்கு இந்த ஊளையைக் குறைப்பதே காரணம்.

தலைப்பகுதி நீக்கம்: நெட் ஸ்டைன்பெர்கர் 1980களில் பரப்பிய முறை. முறுக்காணிகள் பிரிட்ஜ் பக்கத்தில் அமையும். கிதார் குட்டையாகிறது, முன்புற எடை நீங்குகிறது. சில மாதிரிகளுக்கு இரு முனைகளிலும் உருண்டை கொண்ட தனி வகைத் தந்திகள் தேவைப்படும். அவை எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை.

உலோகப் பாகங்கள்: அலுமினியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம், எஃகு 7.8, பித்தளை சுமார் 8.5. ஒரே அளவுள்ள பாகத்தைப் பித்தளைக்குப் பதில் அலுமினியத்தில் செய்தால் எடை மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகிறது. இருபுறமும் சுருதியை ஏற்றி இறக்க உதவும், பூட்டும் வகை ட்ரெமலோ பிரிட்ஜ் எடை மிகுந்தது. அந்த வசதி தேவைப்படாதவர்கள் நிலையான பிரிட்ஜ் கொண்ட கிதாரைத் தெரிவு செய்தால் எடையும் குறையும், சுருதி சேர்ப்பதும் எளிது.

சமநிலை

எடையைக் காட்டிலும் முக்கியமானது சமநிலை. 2.7 கிலோ மட்டுமே உள்ள கிதார் ஒன்று, 3.5 கிலோ கிதாரை விட அதிகக் களைப்பைத் தரக்கூடும். இதற்குக் காரணம் கழுத்துச் சரிவு. கிதாரைத் தோளில் மாட்டிக் கைகளை எடுத்தவுடன் தலைப்பகுதி தரையை நோக்கித் தாழ்வதையே கழுத்துச் சரிவு என்பர். இத்தகைய கிதாரை வாசிப்பவர், இடது கையால் சுருதிகளைப் பிடிப்பதோடு கழுத்தையும் தூக்கிப் பிடிக்க வேண்டியுள்ளது. விரல்களின் வேகம் குறைகிறது, மணிக்கட்டு வலிக்கிறது.

இதைத் துலாக்கோலைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். முன்பக்கத் தோள்பட்டிப் பொத்தானைத் தாங்குபுள்ளி எனக் கொள்வோம். ஒரு பக்கம் கழுத்தும் தலைப்பகுதியும், மறுபக்கம் உடற்பகுதி. திருப்புதிறன் என்பது எடையையும் தூரத்தையும் பெருக்கி வருவது. தலைப்பகுதி தொலைவில் இருப்பதால் அங்குள்ள சிறிய எடையும் பெரிய விளைவைத் தரும்.

ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவத்தில் மேல் கொம்பு நீண்டு 12ஆவது ஃபிரெட்டை ஒட்டி வருகிறது. முன் பொத்தான் அங்கே இருப்பதால் கழுத்தின் பாதிதான் வெளியே நீள்கிறது. எஸ்.ஜி வடிவத்தில் முன் பொத்தான் கழுத்து உடலோடு சேரும் இடத்தில் உள்ளது. ஆகவே ஏறத்தாழ முழுக் கழுத்தும் வெளியே நீள்கிறது. உடற்பகுதியும் இலகுவானது. எஸ்.ஜி கிதார்களில் கழுத்துச் சரிவு பரவலாகப் பேசப்படுவதற்கு இதுவே காரணம். லெஸ் பால் கிதாரிலும் பொத்தான் சற்று உள்ளேதான் இருக்கிறது; ஆனால் அதன் கனமான உடல் எதிர் எடையாக நின்று கழுத்தைச் சமன் செய்கிறது.

இதிலிருந்து ஒரு முடிவு கிடைக்கிறது. உடற்பகுதியின் எடையை மட்டும் குறைத்துத் தலைப்பகுதியை அப்படியே விட்டால் கிதார் இலகுவாகும், சமநிலை கெடும். தலைப்பகுதியில் குறைப்பதே இரு வகையிலும் நன்மை. எடுத்துக்காட்டாக, மூடிய வகை முறுக்காணி ஒன்றின் எடை சுமார் 40 கிராம். திறந்த பல்சக்கர வகை சுமார் 25 கிராம். ஆறு முறுக்காணிகளையும் மாற்றினால் 90 கிராம் குறையும். பொத்தானிலிருந்து தலைப்பகுதி 40 சென்டிமீட்டர் தூரத்தில் இருந்தால், இந்த 90 கிராம் குறைப்பு, மறுபக்கம் 20 சென்டிமீட்டர் தூரத்தில் 180 கிராம் கூட்டுவதற்குச் சமமான சமநிலையைத் தரும். எடை கூடாமலே இப்பயன் கிடைக்கிறது.

இலகுவான கிதாரின் ஒலி

கனமான கிதார்தான் நன்றாக ஒலிக்கும், நாதம் நீண்டு நிற்கும் என்ற கருத்து வாசிப்பவர்களிடையே நெடுங்காலமாக நிலவுகிறது. இதனால் சிலர் தோள் வலியைப் பொறுத்துக்கொண்டு கனமான கிதாரையே வைத்திருக்கின்றனர்.

மின் கிதாரின் ஒலி உருவாகும் விதத்தைப் பார்த்தால் இக்கருத்தை எடைபோட இயலும். பிக்கப் என்பது காந்தமும் அதைச் சுற்றிய கம்பிச் சுருளும் கொண்டது. எஃகுத் தந்தி அதன்மேல் அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது. அம்மாற்றம் சுருளில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. ஆம்ப்ளிஃபயர் அதைப் பெருக்குகிறது. ஆகவே பிக்கப்பின் வகை, அது தந்தியிலிருந்து உள்ள உயரம், தந்தியின் வகை, ஆம்ப்ளிஃபயரின் அமைப்பு ஆகியவை ஒலியைப் பெருமளவு தீர்மானிக்கின்றன. மரத்தின் பங்கு எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு தொடர்கிறது. ஆயினும் எடை மிகுந்தால் ஒலி உயரும் என்று விதியாகச் சொல்ல முடியாது. பிரிட்ஜும் கழுத்தும் உறுதியாகப் பொருந்தியிருப்பதும், ஃபிரெட்டுகள் சமமாக இருப்பதும், தந்திகள் புதியனவாக இருப்பதும் நாதம் நீள்வதற்குத் துணை செய்யும். ஆலன் ஹோல்ட்ஸ்வொர்த் போன்ற தேர்ந்த கலைஞர்கள் தலைப்பகுதி இல்லாத சிறிய உடல் கிதார்களில் வாசித்துள்ளனர்.

கையளவும் தந்தி நீளமும்

எடையோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது தந்தி நீளம். கழுத்தின் முனையில் உள்ள நட் முதல் பிரிட்ஜ் வரை அதிரும் தந்தியின் நீளத்தை இது குறிக்கும். ஃபெண்டர் வகையில் இது 25.5 அங்குலம், அதாவது 648 மில்லிமீட்டர். கிப்சன் வகையில் சுமார் 24.75 அங்குலம், அதாவது 628 மில்லிமீட்டர். 1964இல் வந்த ஃபெண்டர் மஸ்டாங்கின் வழக்கமான நீளம் 24 அங்குலம்.

நீளம் குறைந்தால் ஃபிரெட்டுகளுக்கு இடையேயுள்ள இடைவெளி குறையும். அதே சுருதிக்குத் தந்தியின் இழுவிசையும் குறையும். சிறிய கை உள்ளவர்களுக்கும் சிறுவர்களுக்கும் இது வசதி. கிதாரும் சிறியதாகவும் இலகுவாகவும் அமையும். பெரிய விரல்கள் உள்ளவர்களுக்கு மேல் ஃபிரெட்டுகளில் நெருக்கமாகத் தோன்றலாம். கழுத்தின் தடிமனும் இதே அளவு முக்கியம். கட்டைவிரல் இறுகாமல் கழுத்தைச் சுற்றி நிற்க வேண்டும்.

வாசிப்பவருக்கு ஏற்ற தெரிவு

புதிதாகக் கற்கும் மாணவர்: பாப்லர் அல்லது பாஸ்வுட் உடல் கொண்ட, ஸ்ட்ராட்டோகாஸ்டர் போன்ற வடிவம் பாதுகாப்பான தெரிவு. எடை 3 முதல் 3.5 கிலோ வரை இருக்கும், சமநிலை நன்று, விலையும் மிகாது. பூட்டும் வகைப் பிரிட்ஜைத் தவிர்க்கலாம்.

சிறுவர்: 24 அங்குலம் அல்லது அதற்கும் குறைந்த தந்தி நீளமும் 3 கிலோவுக்குக் குறைந்த எடையும் ஏற்றவை. வளர்ந்த பின் பயன்படும் என்று பெரிய கிதாரை இப்போதே வாங்கித் தருவது கற்றலுக்குத் தடையாகும்.

மேடையில் நெடுநேரம் நிற்பவர்: திருமண விழாக் குழுக்களிலும் தேவாலயக் குழுக்களிலும் வாசிப்பவர்கள் மணிக்கணக்கில் நிற்கின்றனர். இவர்கள் 3.2 கிலோவுக்குக் குறைந்த, கழுத்துச் சரிவு இல்லாத கிதாரைத் தேட வேண்டும். ஒலி மிகுந்த மேடையாயின் அரை உள்ளீடற்ற வகையைவிட, உள்ளே சிறிதளவு குடைந்த திட உடல் நல்லது.

முதுகு அல்லது தோள் வலி உள்ளவர்: 2.5 கிலோவை ஒட்டிய, தலைப்பகுதி இல்லாத மாதிரிகள் ஏற்றவை. இவை பெரும்பாலும் விலை மிகுந்தவை. விலை தடையாக இருந்தால், இருக்கும் கிதாரையே உட்கார்ந்து வாசிப்பது முதல் தீர்வு.

உட்கார்ந்து வாசிப்பவர்: எடை தொடையில் இறங்குவதால் சற்றுக் கூடுதல் எடை தொல்லை தராது. ஆனால் உடற்பகுதியின் அடி விளிம்பில் தொடை பொருந்தும் வளைவு இருக்க வேண்டும். வி வடிவக் கிதார்கள் இதற்கு ஏற்றவை அல்ல. கருநாடக இசையை மின் கிதாரில் வாசிக்கும் ஆர். பிரசன்னா போன்ற கலைஞர்களைப் பின்பற்றித் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து வாசிக்க விரும்புவோர், அந்த நிலையிலேயே கிதாரைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

கடையில் சோதித்தல்

1. கையில் தூக்கிப் பார்த்து எடையை முடிவு செய்யக் கூடாது. தோள்பட்டி மாட்டி நின்று பார்க்க வேண்டும். சொந்தத் தோள்பட்டியைக் கொண்டு செல்வது நல்லது.

2. வாசிக்கும் உயரத்தில் கிதாரை நிறுத்தி இரு கைகளையும் எடுக்க வேண்டும். தலைப்பகுதி தாழ்ந்தால் கழுத்துச் சரிவு உண்டு.

3. குறைந்தது 15 நிமிடம் நின்று வாசிக்க வேண்டும். முதல் ஐந்து நிமிடத்தில் எல்லாக் கிதாரும் இலகுவாகவே தோன்றும்.

4. முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் கை எட்டுகிறதா, மணிக்கட்டு அதிகம் மடிகிறதா என்று பார்க்க வேண்டும்.

5. விலா எலும்பிலும் முன்கையிலும் விளிம்பு உறுத்துகிறதா என்று கவனிக்க வேண்டும்.

6. ஒரே மாதிரியில் இரண்டு மூன்று கிதார்கள் இருந்தால் எல்லாவற்றையும் எடை போட்டுப் பார்க்க வேண்டும்.

எடை போடுவதற்குப் பயணப்பெட்டிகளை நிறுக்கும் கொக்கி வகைக் கையடக்கத் தராசு போதும். அது இல்லையென்றால், உடல் எடை பார்க்கும் தராசில் கிதாருடன் ஒரு முறையும் கிதார் இல்லாமல் ஒரு முறையும் நின்று, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் காணலாம்.

இணையத்தில் வாங்கும்போது, விவரப் பக்கத்தில் உள்ள எடை பெரும்பாலும் சராசரியே. சில நேரம் பெட்டியோடு சேர்ந்த எடையையும் குறிப்பிட்டிருப்பர். அனுப்பப்படவுள்ள கிதாரையே நிறுத்துச் சொல்லுமாறு கேட்பதும், திருப்பிக் கொடுக்கும் விதிகளை முன்பே படிப்பதும் பயன்தரும். பழைய கிதாராயின், தராசில் வைத்த படத்தைக் கேட்கலாம்.

கையில் உள்ள கிதாரின் சுமையைக் குறைத்தல்

எல்லோராலும் புதிய கிதார் வாங்க இயலாது. குறைந்த செலவில் செய்யக்கூடியவை சில உண்டு.

அகலமான தோள்பட்டி: 4 கிலோ கிதார் 5 சென்டிமீட்டர் அகலப் பட்டியில் தொங்கும்போது, தோளில் படும் நீளம் 15 சென்டிமீட்டர் எனக் கொண்டால், பரப்பு 75 சதுர சென்டிமீட்டர். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் சுமார் 53 கிராம் தாங்குகிறது. பட்டியின் அகலம் 8 சென்டிமீட்டர் ஆனால் பரப்பு 120; அழுத்தம் சுமார் 33 கிராமாகக் குறைகிறது. தோளில் பட்டி வெட்டுவது போன்ற வலி இதனால் நீங்கும். ஆனால் மொத்தச் சுமை அதேதான். முதுகெலும்பு தாங்கும் எடை மாறுவதில்லை.

சொரசொரப்பான உட்பக்கம்: பட்டியின் உட்பக்கம் சொரசொரப்பான தோலாக இருந்தால் தோளில் வழுக்காது, கழுத்துச் சரிவு ஓரளவு கட்டுப்படும்.

இலகுவான முறுக்காணிகள்: மேலே கண்டவாறு எடை, சமநிலை இரண்டுக்கும் உதவும். ஏற்கெனவே உள்ள துளைகளில் பொருந்துமா என்று பார்த்து வாங்க வேண்டும்.

பட்டியின் நீளம்: கிதாரைத் தொடைவரை தொங்கவிடுவது மேடையில் அழகாகத் தோன்றலாம், ஆனால் இடது மணிக்கட்டு மிகவும் மடிகிறது. உட்கார்ந்து வாசிக்கும்போது கிதார் இருக்கும் உயரத்திலேயே நிற்கும்போதும் இருக்குமாறு பட்டியைச் சுருக்குவது நல்லது.

பயிற்சி முறை: நின்று பழகுவதையும் உட்கார்ந்து பழகுவதையும் மாற்றி மாற்றிச் செய்யலாம். அரை மணிக்கு ஒரு முறை கிதாரை இறக்கி வைத்துத் தோளைச் சுழற்றலாம்.

உடற்பகுதியைத் தாமே குடைந்து எடையைக் குறைக்க முயல்வது தகாது. மரத்தின் உறுதி குறையும், பூச்சு கெடும், மறுவிற்பனை மதிப்பும் போகும்.

எடை, சமநிலை, தந்தி நீளம், கழுத்தின் தடிமன் ஆகிய நான்கும் ஒருவரின் உடலுக்குப் பொருந்தினால், விலை குறைந்த கிதாரும் நாள்தோறும் கையில் எடுக்கப்படும். பொருந்தாவிட்டால், விலை உயர்ந்த கிதாரும் பெட்டிக்குள்ளேயே இருக்கும்.